வள்ளத்துக்கு பாடி எர்த் கெடையாது மக்களே

நம்ம மேற்குக் கரையில ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு எல்லாம் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு கட்டிக் கெடக்கு, அதனால இந்த தடவை வந்த கேள்வி முழுக்க எஞ்சின் ரூம் கேள்விதான். அதுலயும் செல்ஃப் ரிலே, அதாவது சாவிய திருப்புனா எஞ்சின சுத்தி விடுத செல்ஃப் மோட்டாருக்கு பேட்டரி கரண்ட விடுத சுவிச்சு, அது பத்தி நெறைய பேரு எழுதியிருக்காங்க. ஒரு கேள்விக்கு மட்டும் ரொம்ப நீளமா பதில் சொல்லப் போறேன், ஏன்னா அதுல பதில் தெரிஞ்சா மத்ததுல பாதி தானா தீந்துரும்.

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்க பைபர் வள்ளத்துல உள்ளுக்க டீசல் எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி. பழைய செல்ஃப் ரிலே உப்பு தின்னு பொடிஞ்சு போச்சுன்னு நாகர்கோவில்ல ஒரு கடையில புதுசு வாங்குனேன். டப்பா இல்ல, பேரு இல்ல, டெர்மினல்ல ஒரு எழுத்து கூட இல்ல. ரெண்டு பெரிய போல்ட், ரெண்டு சின்ன போல்ட், அவ்வளவுதான். பிளைவுட் பலகையில முறுக்கி, பெரிய போல்ட்ல ஒண்ணுக்கு பேட்டரி பாசிட்டிவ், இன்னொண்ணுக்கு செல்ஃப் கேபிள், சின்னதுல ஒண்ணுக்கு சாவி ஒயர், மத்ததுக்கு நெகட்டிவ்னு கொடுத்தேன். சாவிய திருப்புனா சத்தமே இல்ல. தெரிஞ்ச ஒருத்தரு வந்து பாத்துட்டு, ரிலே பாடிக்கு எர்த் கொடுக்கலேல்லா அதான்னு சொல்லி ரிலேயோட பாடித் தகட்டுல இருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு ஒயரு போட்டாரு. பொறவு திருப்புனதும் டக்குன்னு சத்தம், செல்ஃப் அரை சுத்து சுத்திச்சு, அதே நேரம் சின்ன போல்ட்ல இருந்த நெகட்டிவ் ஒயரு சிவந்து உருகி ஒரே புகை. ரிலே கெட்டதா, இல்ல நாங்க செஞ்சது தப்பா? — ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தம்பி, முதல்ல கைக்கு ஒண்ணும் ஆகலேல்லா? ஒயரு உருகுன அந்த ஒரு நிமிஷத்துல பைபர்ல தீ புடிச்சிருந்தா ரிலே பத்தி எழுதுத நெலமையில நீங்க இருந்திருக்க மாட்டீங்க, அதனால இத விளையாட்டா எடுத்துக்கிடாதீங்க.

ரிலே கெட்டது இல்ல. நீங்க செஞ்சதும் பாதி செரி, அவரு செஞ்சதும் பாதி செரி, ரெண்டு பாதியும் ஒண்ணா சேந்ததுதான் புகை. எப்பிடின்னு சொல்லுதேன்.

அந்த டப்பாவுக்குள்ள இருக்கது ரொம்ப லேசான விஷயம். மெல்லிய கம்பி சுத்துன ஒரு காயில், நடுவுல ஒரு இரும்புத் தண்டு, தண்டு நுனியில ஒரு செம்புத் தட்டு. காயில்ல கரண்ட் போனா தண்டு இழுபடும், தட்டு போயி ரெண்டு பெரிய போல்ட்டையும் ஒண்ணா சேத்துரும், பேட்டரியில இருந்து நூத்துக்கணக்கான ஆம்பியர் செல்ஃபுக்கு பாயும். காயிலுக்கு ரெண்டு முனை வேணும், ஒண்ணுல பாசிட்டிவ் வரணும், இன்னொண்ணு நெகட்டிவுக்கு போவணும். இங்கதான் குழப்பம் தொடங்குது, ஏன்னா அந்த ரெண்டாவது முனைய எங்க கொண்டு போயி முடிச்சிருக்காங்கங்கறது ரிலேக்கு ரிலே மாறும்.

காரு, டிராக்டரு, லாரி இதுக்கெல்லாம் ஒடம்பே இரும்பு. பேட்டரி நெகட்டிவ ஒடம்புல முறுக்கிட்டா வண்டி முழுக்க நெகட்டிவ்தான், அதனால அதுக்கு செய்யுத ரிலேல காயிலோட ஒரு முனைய உள்ளுக்குள்ளயே தகட்டோட பத்த வச்சிருவாங்க, வண்டியில முறுக்குனாலே எர்த் கெடைச்சிரும், தனி ஒயரு மிச்சம். நம்ம வள்ளம் பைபரு, பழசுன்னா மரம். பிளைவுட்ல முறுக்குன தகடு எதுக்கும் எர்த் ஆவாது. அதனாலதான் மொத தடவை சத்தமே வரல, காயிலோட ஒரு முனை அந்தரத்துல தொங்குது.

அப்போ அந்த ரெண்டாவது சின்ன போல்ட் எதுக்கு? பழைய பெட்ரோல் எஞ்சின்ல இக்னிஷன் காயிலுக்கு முன்னால ஒரு ரெசிஸ்டர் இருக்கும், ஸ்டார்ட் பண்ணுத நேரம் மட்டும் அத தாண்டி முழு வோல்ட்டேஜும் கொடுக்கதுக்காக ரிலேல ஒரு தனி போல்ட் வச்சாங்க. எழுத்து இருக்க ரிலேல சாவி வாற போல்ட்ல எஸ்னும் இந்த போல்ட்ல ஐன்னும் போட்டிருக்கும். ஐ போல்ட் சும்மா இருக்கும்போது எதோடயும் சேராது. ரிலே இழுத்ததும் அந்த செம்புத் தட்டு இதையும் தொட்டுரும், அப்போ பேட்டரி பாசிட்டிவ் நேரா இதுல வந்து நிக்கும். நீங்க அதுக்கு நெகட்டிவ் கொடுத்து வச்சிருக்கீங்க. காயிலுக்கு எர்த் கெடைக்காத வரைக்கும் ஒண்ணும் நடக்கல, அவரு தகட்டுக்கு எர்த் கொடுத்தாரு, காயில் வேலை செஞ்சுது, தட்டு போய் ஒட்டிச்சு, பேட்டரியோட பாசிட்டிவும் நெகட்டிவும் உங்க மெல்லிய ஒயரு வழியா நேருக்கு நேரு மோதிருச்சு. அவரு ஒயரு போட்டது செரிதான், ஆனா அதுக்கு முன்னால உங்க ஒயர கழத்தியிருக்கணும்.

இதுல யாரையும் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. எழுத்து இல்லாத ரிலேய பாத்து ஊகிச்சா யாருக்கும் இதுதான் நடக்கும். எனக்கும் நடந்திருக்கு, நான் வேலை பழகுத காலத்துல முட்டத்துல ஒரு போட்டுல இதே மாதிரி ஒயர எரிச்சிருக்கேன், அந்த போட்டுக்காரரு அன்னைக்கு ராத்திரி தொழிலுக்கு போவ முடியாம நின்னதும் அவரு மொகமும் எனக்கு இன்னும் மறக்கல. அன்னைக்கு தொட்டு மீட்டரு வைக்காம ஒரு போல்ட்ட கூட நான் தொடுததில்ல.

இப்போ மீட்டர வச்சு எப்பிடி கண்டுபுடிக்கதுன்னு பாப்போம். எரநூறு, முந்நூறு ரூவாய்க்கு கெடைக்க சாதா மல்டிமீட்டரு போதும். ரிலேய முழுசா கழத்தி மேசையில வைங்க, ஒரு ஒயரும் இருக்கக் கூடாது. போல்ட்ட உப்புத்தாள் போட்டு தேச்சு பளபளன்னு ஆக்குங்க, உப்பு புடிச்ச போல்ட்ல மீட்டரு பொய் சொல்லும். மீட்டர 200 ஓம்ல வச்சு மொத ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு பாருங்க, 0.3, 0.4ன்னு ஏதாவது காட்டும், அது மீட்டரு ஒயரோட கணக்கு, பொறவு வாற எல்லா அளவுலயும் அத கழிச்சுக்கிடணும். இத சொல்லாம விட்டா 4 ஓம் காயில 4.4ன்னு எழுதி வச்சுக்கிட்டு இருப்பீங்க.

பெரிய போல்ட் ரெண்டுக்கும் நடுவுல மொத பாருங்க. ஒண்ணும் காட்டக் கூடாது. காட்டுச்சுன்னா உள்ள தட்டு ஒட்டிப் போச்சு, அந்த ரிலேய தூரப் போட்டுருங்க, தட்டி தட்டி சரி பண்ணுத வேலையெல்லாம் வேண்டாம், நடுக்கடல்ல திரும்பவும் ஒட்டும்.

பொறவு சின்ன போல்ட் ரெண்டுக்கும் நடுவுல. 12 வோல்ட் செல்ஃப் ரிலேன்னா பெரும்பாலும் 3ல இருந்து 5 ஓம் வரும். அப்பிடி வந்து, ரெண்டு சின்ன போல்ட்டும் தகட்டோடயும் சேரல, பெரிய போல்ட்டோடயும் சேரலன்னா நீங்க குடுத்து வச்சவரு, காயிலோட ரெண்டு முனையும் தனியா வெளிய வந்திருக்கு, வள்ளத்துக்கு செஞ்ச ரிலே அதுதான். ஒண்ணுக்கு சாவி, ஒண்ணுக்கு நெகட்டிவ், எத எதுக்கு கொடுத்தாலும் வேலை செய்யும்.

சின்ன போல்ட் ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே காட்டல, ஆனா ஒரு சின்ன போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல 3, 4 ஓம் வருது, இன்னொரு சின்ன போல்ட் எதோடயும் சேரல. இதுதான் உங்க ரிலே. ஓம் காட்டுத போல்ட்தான் சாவிக்கு. எதோடயும் சேராதது அந்த ஐ போல்ட், டீசல் எஞ்சினுக்கு அது தேவையே இல்ல, அதுல ஒயரு எதையும் கொடுக்காம ஒரு ரப்பர் மூடிய மாட்டி விடுங்க, ஏன்னா ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் அதுல பேட்டரி வந்து நிக்கும், ஸ்பேனரு பட்டா தீப்பொறி பறக்கும்.

இன்னொரு வகையும் உண்டு, ரொம்ப பேரு ஏமாறுத வகை. சின்ன போல்ட்டுக்கும் ஒரு பெரிய போல்ட்டுக்கும் நடுவுல 3, 4 ஓம் காட்டும், தகட்டோட ஒண்ணும் சேராது. இதுல காயிலுக்கு பாசிட்டிவ் உள்ளுக்குள்ளயே பெரிய போல்ட்ல இருந்து எடுத்திருக்காங்க, பட்டன் அமுக்குனா நெகட்டிவ் போற மாதிரி செஞ்சது. அந்த பெரிய போல்ட்லதான் பேட்டரி கேபிள் வரணும், மாத்தி கொடுத்தா இழுக்காது. சின்ன போல்ட்டுக்கு பாசிட்டிவ் கொடுத்தாலும் இழுக்காது, ரெண்டு பக்கமும் பாசிட்டிவ் ஆயிரும். மத்த வகையில பெரிய போல்ட் ரெண்டுல எது பேட்டரி எது செல்ஃப்ங்கறது முக்கியமில்ல, இதுல மட்டும் முக்கியம்.

மீட்டரு சொன்னத ஒரு தாள்ல படம் வரைஞ்சு எழுதிக்கிடுங்க, மனசுல வச்சுக்கிடாதீங்க. அப்புறம் மேசையிலயே ஒரு தடவை இழுத்துப் பாக்கணும். பெரிய போல்ட்ல ஒண்ணும் கொடுக்காதீங்க. ஒரு 12 வோல்ட் பேட்டரியில இருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியா காயிலுக்கு மட்டும் கொடுங்க. (இப்ப சொன்ன மூணாவது வகைன்னா, காயிலோட ஒரு முனை பெரிய போல்ட்லயே இருக்கு, அதுக்கும் ஃபியூஸ் வழியாத்தான் கொடுக்கணும்.) 4 ஓம் காயிலுன்னா 3 ஆம்பியர்தான் எடுக்கும், ஃபியூஸ் போவாது, போச்சுன்னா நீங்க எங்கேயோ தப்பா புரிஞ்சிருக்கீங்க, புகைக்கு பதிலா ஒரு ஃபியூஸோட முடிஞ்சுது. டக்குன்னு சத்தம் வரணும், அதே நேரம் பெரிய போல்ட் ரெண்டும் மீட்டர்ல சேந்து காட்டணும், எடுத்ததும் விட்டுப் போவணும். உங்க ரிலேல இழுத்து வச்சிருக்கும்போது ஐ போல்ட்ட பெரிய போல்ட்டோட வச்சு பாருங்க, சேந்து காட்டும், நான் சொன்னது உங்களுக்கே தெரியும். ஒண்ணு ரெண்டு செகண்ட் போதும், இந்த காயில் எல்லாம் தொடந்து கரண்ட் வாங்க செஞ்சது இல்ல, சூடாயிரும்.

ஒரு சில ரிலேல காயிலுக்கு குறுக்க, கரண்ட ஒரு தெசையில மட்டும் விடுத டயோடு வச்சிருப்பாங்க, அதுல பாசிட்டிவ் நெகட்டிவ் மாறக் கூடாது. காயில் ஓம் கம்மியா இருக்கதால மீட்டர்ல அது தெரியாது. சந்தேகமா இருந்தா ஃபியூஸுக்கு பதிலா 21 வாட் இண்டிகேட்டர் பல்ப வரிசையில போட்டு ரெண்டு தெசையிலயும் பாருங்க. ஒரு தெசையில மங்கலாவும் இன்னொரு தெசையில பளிச்சுன்னும் எரிஞ்சா உள்ள டயோடு இருக்கு, மங்கலா எரியுத தெசைதான் செரியான தெசை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலா எரிஞ்சா டயோடு இல்ல.

இனி வள்ளத்துல மாட்டுத வேலை. பேட்டரி நெகட்டிவ மொத கழத்துங்க, கடைசியில மாட்டுங்க, இது மாறவே கூடாது. உங்க ரிலே தகட்டுல எர்த் எடுக்க வகைங்கறதால, தகட்ட முறுக்குத இடத்துல பெயிண்ட சொரண்டிட்டு ஒரு வட்ட லக்கு (ஒயரு முனையில மாட்டுத வளையம்) வச்சு, அதுல இருந்து 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டரு ஒயரு ஒண்ண நேரா நெகட்டிவ் எல்லாம் சேருத இடத்துக்கு கொண்டு போங்க. எஞ்சின் பிளாக்குல கொடுத்தாலும் செரி, பேட்டரி நெகட்டிவ் அங்கதான் வருது. சாவி ஒயரும் 2.5, அதுல 10 ஆம்பியரு ஃபியூஸ் ஒண்ணு. கியரு நியூட்ரல்ல இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆவணும்னு சுவிச்சு இருக்க எஞ்சின்னா அத தாண்டி ஒயரு போடாதீங்க, சாவி ஒயரு அது வழியாத்தான் ரிலேக்கு வரணும். ஆள் எறங்கி தண்ணியில நின்னு வள்ளத்த தள்ளிக்கிட்டு இருக்க நேரம் கியர்ல கெடந்து எஞ்சின் ஸ்டார்ட் ஆனா புரொப்பல்லரு யாரையும் கேக்காது.

பேட்டரிய சார்ஜ் பண்ணுத ஆல்டர்னேட்டர்ல இருந்து வாற ஒயரு, லைட்டு, ஜிபிஎஸ், ஒயர்லெஸ் இதுக்கு போற ஒயரு எல்லாம் ரிலேல கொடுக்கதா இருந்தா பேட்டரி பக்கத்து பெரிய போல்ட்லதான் வரணும். செல்ஃப் பக்கத்துல செல்ஃப் கேபிள் ஒண்ணு மட்டும். மாத்தி கொடுத்துட்டு சார்ஜ் ஏறலன்னு ஆல்டர்னேட்டர கழத்தி கடைக்கு கொண்டு போனவங்கள நான் பாத்திருக்கேன்.

நட்டு முறுக்கும்போது கீழ இருக்க நட்ட ஒரு ஸ்பேனரால புடிச்சுக்கிட்டு மேல இருக்கத முறுக்குங்க. போல்ட் செம்பு, அது ஒரு தடவை உள்ள திரும்பிருச்சுன்னா காயில் கம்பி அறுந்துரும், பொறவு மீட்டரு வச்சாலும் ஒண்ணும் காட்டாது. எல்லாம் முறுக்கி முடிச்ச பொறவு மேல வாசலின் இல்லன்னா கிரீஸ் பூசுங்க, முறுக்குததுக்கு முன்னால பூசாதீங்க. செல்ஃப் கேபிள மாட்டாம ஒரு தடவை சாவிய திருப்பி, செல்ஃப் பக்கத்து போல்ட்ல 12 வோல்ட் வந்து போவுதான்னு மீட்டர்ல பாத்துட்டு, திரும்ப நெகட்டிவ கழத்திட்டு கேபிள மாட்டுங்க. உருகுன பழைய ஒயரு பக்கத்துல போன மத்த ஒயரயும் இழுத்துப் பாருங்க, அதோட தோலும் வெந்திருக்கும்.

கேள்வி: எங்க போட்டு லேலண்ட் எஞ்சின், செல்ஃப் மேலயே ஒரு சொலினாய்டு (கரண்ட் போனா இழுத்து செல்ஃப சேக்குத காயில்) இருக்கு. போட்ட ஓட்டுத அறையான வீல் ஹவுஸ்ல இருந்து சாவி ஒயரு ரொம்ப தூரம் வாறதால சில நேரம் இழுக்கல, நடுவுல ஒரு ரிலே போடச் சொன்னாங்க. கடையில சின்ன சதுர ரிலே அஞ்சு கால் வச்சது கொடுத்தாங்க, நம்பரு அழிஞ்சு போச்சு. எந்த கால் எதுக்கு? செல்ஃப நேரா இதுல ஓட்டலாமா? — ஒரு வாசகர், தூத்தூர்

பதில்: கடைசி கேள்விக்கு மொத பதில், ஓட்டவே கூடாது. அந்த சதுர ரிலே 30, 40 ஆம்பியரு தாங்கும், உங்க செல்ஃப் எடுக்கது பல நூறு. செல்ஃப் மேல இருக்க சொலினாய்ட தூண்டி விடுததுக்கு மட்டும்தான் இது. ஆனா யோசனை சொன்னவரு செரியாத்தான் சொல்லியிருக்காரு, சொலினாய்டு மொத இழுக்குத நேரம் பெரிய எஞ்சின்ல 30 ஆம்பியருக்கு மேலயும் கேக்கும், அவ்வளவும் வீல் ஹவுஸ் சாவி வழியா போயி வந்தா வோல்ட்டேஜ் வழியிலயே செத்துப் போவும், சாவியும் கருகும். ரிலேய எஞ்சின் பக்கத்துல வச்சா சாவி ஒயர்ல கால் ஆம்பியரு கூட ஓடாது. சொலினாய்டு எவ்வளவு எடுக்குதுன்னு பாத்துட்டு அதுக்கு மேல தாங்குத ரிலேயா வாங்குங்க.

கால் கண்டுபுடிக்க அதே மீட்டரு. நல்லா இருக்க ரிலேல அடியில 30, 85, 86, 87, 87ஏன்னு போட்டிருக்கும். 85, 86 காயில், 30 வாறது, 87 போறது, நடுவுல இருக்க 87ஏ சும்மா கெடக்கும்போதே 30ஓட சேந்திருக்கும். அப்போ மீட்டர்ல அஞ்சு காலையும் மாத்தி மாத்தி பாத்தா ரெண்டே ஜோடிதான் காட்டும். ஒரு ஜோடி 12 வோல்ட்டுன்னா 70ல இருந்து 100 ஓம், 24 வோல்ட்டுன்னா 250, 300ன்னு காட்டும், அது காயில். இன்னொரு ஜோடி 0 காட்டும், அது 30ம் 87ஏவும். எதோடயும் சேராம மிச்சம் இருக்க ஒரே கால் 87. காயிலுக்கு கரண்ட் கொடுத்து பாத்தா 87 எதோட சேருதோ அது 30.

அந்த 87ஏவ மட்டும் விலக்குங்க. அதுல சொலினாய்டு ஒயர கொடுத்துட்டீங்கன்னா பேட்டரிய மாட்டுன ஒடனே சாவி போடாமயே செல்ஃப் சுத்தும், சாவிய திருப்புனா நிக்கும். எஞ்சின் ரூமுக்குள்ள பெல்ட் பக்கத்துல ஒருத்தன் கைய வச்சுக்கிட்டு நிக்கும்போது இது நடந்தா என்ன ஆவும்னு நெனச்சுப் பாருங்க. முடிஞ்சா நாலு கால் ரிலேயா மாத்தி வாங்கிருங்க, அந்த சங்கதியே இல்ல.

செல்ஃப் மேல இருக்க சொலினாய்டுல மீட்டரு வச்சு கொழம்பிராதீங்க. அதுக்குள்ள ரெண்டு சுத்து, ஒண்ணு இழுக்கதுக்கு, ஒண்ணு புடிச்சு வைக்கதுக்கு. இழுக்குத சுத்து சின்ன டெர்மினல்ல இருந்து மோட்டாருக்கு போற போல்ட்டுக்கும், புடிச்சு வைக்குத சுத்து சின்ன டெர்மினல்ல இருந்து பாடிக்கும் போவும், அதனால எங்க வச்சாலும் ஒரு ஓம், அதுக்கும் கொறைவுன்னு காட்டும். அது ஷார்ட் இல்ல. தங்கல் தொழிலுக்கு போற போட்டுன்னா இந்த ரிலே ரெண்ட வாங்கி, எந்த கால் எதுன்னு பெயிண்ட்ல எழுதி, டப்பியில போட்டு வீல் ஹவுஸ்ல வச்சுக்கிடுங்க. கரையில இருந்து பல நாள் தூரத்துல இத விக்க கடை இல்ல.

கேள்வி: சாவிய திருப்புனா ரிலே டக் டக் டக்குன்னு அடிக்குது, எஞ்சின் சுத்தல. ரிலே மாத்தியும் அப்பிடித்தான். — ஒரு வாசகர், மணக்குடி

பதில்: ரிலே மேல பழியப் போடாதீங்க, பேட்டரியையும் லக்கையும் பாருங்க. காயில் இழுக்குது, செல்ஃப் கரண்ட கேட்ட ஒடனே வோல்ட்டேஜ் கீழ போவுது, காயில் விட்டுருது, விட்டதும் வோல்ட்டேஜ் ஏறுது, திரும்ப இழுக்குது. டக் டக்குங்கறது இதுதான். இத ரொம்ப நேரம் அடிக்க விடாதீங்க, ஒவ்வொரு டக்குக்கும் தட்டுல தீப்பொறி பறந்து கடைசியில ஒட்டிரும், ஒட்டிருச்சுன்னா சாவிய எடுத்தாலும் செல்ஃப் நிக்காது. அதுக்காகத்தான் பேட்டரி மெயின் சுவிச்சு கை எட்டுத தூரத்துல இருக்கணும்னு எல்லாருகிட்டயும் தொண்டை வத்த சொல்லுதேன், மீன் பெட்டிக்கு பின்னால வச்சா என்ன பிரயோஜனம்.

ஒருத்தர சாவிய திருப்பச் சொல்லிட்டு பேட்டரி கம்பத்துலயே மீட்டரு வைங்க. 12 வோல்ட் பேட்டரி 9.6க்கு கீழ போச்சுன்னா பேட்டரி போச்சு, இல்லன்னா சார்ஜ் இல்ல. பேட்டரி நல்லா நிக்குது, ஆனா செல்ஃப் சுத்தலன்னா வழியில எங்கேயோ திங்குது. ரிலே பெரிய போல்ட் ரெண்டுலயும் மீட்டரு முள்ள வச்சு திருப்புங்க, இழுத்திருக்க நேரம் 0.2, 0.3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், அரை வோல்ட்டுக்கு மேல போனா உள்ள தட்டு கருகிருச்சு. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல பாருங்க. நம்ம ஊருல பத்துக்கு எட்டு அந்த நெகட்டிவ் பக்கம்தான்னு என் அனுபவம், எல்லாரும் சிவப்பு கேபிளயே தேச்சுக்கிட்டு இருப்பாங்க, கறுப்பு கேபிள் லக்கு பச்சை புடிச்சு கெடக்கும். தோல கொஞ்சம் கீறிப் பாருங்க, செம்பு உள்ள ஒரு சாண் வரைக்கும் கறுத்திருக்கும், நம்ம உப்புக் காத்து ஒயருக்குள்ளயே ஏறிப் போவும். அடுத்த தடவை ஈயம் பூசுன செம்பு கேபிளா வாங்குங்க, வெலை கூட, ஆனா ரெண்டு மழைக்காலத்தையும் வாங்குத நம்ம மாவட்டத்துக்கு அதுதான் நிக்கும்.

கேள்வி: 24 வோல்ட் போட்டுக்கு 12 வோல்ட் ரிலே போட்டா என்ன? அவசரத்துக்குத்தான். — ஒரு வாசகர், கடியப்பட்டணம்

பதில்: இழுக்கும், ரொம்ப நல்லாவே இழுக்கும், அதுலதான் ஆபத்து. வோல்ட்டேஜ் ரெண்டு மடங்குன்னா காயில்ல சூடு நாலு மடங்கு. எஞ்சின் லேசா புடிக்கலன்னு ரெண்டு மூணு தடவை திருப்புனா காயில் கருகி ஒயரோட தோல் உருகும். எழுத்து இல்லாத ரிலேல 12ஆ 24ஆன்னு தெரியணும்னா உங்க பழைய ரிலே காயில் எத்தனை ஓம்னு பாத்து பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க, ஒரே மாதிரி ரிலேன்னா 24க்கு உள்ளதுல ஓம் ரொம்ப கூட இருக்கும். தயவு செஞ்சு ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் 12 எடுத்து சமாளிக்குத வேலையையும் செய்யாதீங்க, ரெண்டு பேட்டரியும் சமமா சார்ஜ் ஆவாம ஒண்ணு சீக்கிரம் சாவும்.

கேள்வி: வள்ளத்துக்கு வெளிய மாட்டுத அவுட்போர்டு எஞ்சினுக்கு கம்பெனி ரிலே வெலை ஜாஸ்தி, காரு ரிலே போட்டுக்கிடலாமா? டேங்கும் ரிலேயும் ஒரே பொட்டிக்குள்ள இருக்கு. — ஒரு வாசகி, ராஜாக்கமங்கலம் துறை, வீட்டுக்காரருக்காக

பதில்: வேண்டாம்மா. டேங்கு இருக்க பொட்டிக்குள்ள காரு ரிலே வரவே கூடாது. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், பொட்டி அடியிலயும் வள்ளத்து அடியிலயும் போய் தங்கும், ரிலே ஒவ்வொரு தடவை சேரும்போதும் பிரியும்போதும் உள்ள ஒரு தீப்பொறி உண்டு. வள்ளத்துக்குன்னு செஞ்ச ரிலேய நல்லா அடைச்சு செஞ்சிருப்பாங்க, பொறி வெளிய இருக்க ஆவிய தொடாது, காரு ரிலேல அந்த காவல் கெடையாது. வெலை வித்தியாசம் அதுக்குத்தான். உங்க வீட்டுக்காரருகிட்ட டேங்கயும் ரிலேயயும் ஒரே பொட்டிக்குள்ள வைக்க வேண்டாம்னு சொல்லுங்க, ரிலேய மேல காத்தோட்டமான எடத்துக்கு மாத்திட்டு, காலையில மூடிய தொறந்து கொஞ்ச நேரம் காத்து போவ விட்டுட்டு பொறவு சாவிய திருப்பச் சொல்லுங்க.